கட்டிலுக்குக் கீழ மெக்சிக்கோ

"ப்ளுக்," எண்டுது கட்டில்.

ஜெனிஸ்டன் மூச்சை அடக்கிக்கொண்டு குந்தியிருந்தான். கட்டிலுக்குக் கீழ ஒரு பெரிய வாளி, இறுக்கி மூடினது. மூடியில வளைஞ்ச குழாய் ஒண்டு, அதுக்குள்ள கொஞ்சத் தண்ணி. உள்ள பியர் புளிக்கப் புளிக்கக் காத்து அந்தத் தண்ணிக்குள்ளால முட்டிக்கொண்டு வெளியில வரும். வரேக்க ஒவ்வொருக்காவும் இந்தச் சத்தம்.

கதவுக்கு வெளியில அன்ரனிற்றா அக்காவின்ர செருப்புச் சத்தம் நிண்டுது.

"தம்பி, என்ன சத்தம் உது?"

"வயிறக்கா."

"வயிறோ? குசினி வரைக்கும் கேக்குது!"

"பசியக்கா."

"இப்பதானே புட்டுச் சாப்பிட்டனி?"

"ப்ளுக்," எண்டுது கட்டில், அக்காவுக்கு மறுமொழி சொல்லுற மாதிரி.

"ஐயோ மாதாவே, இது பசியில்லை. வாய்வு. இரு, ஓமம் அவிச்சுக்கொண்டு வாறன்."

அக்கா கிளாசோட வந்து, அவன் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிக்குமட்டும் வாசலிலயே நிண்டா. அவன் குடிச்சு முடிச்சு வாயைத் துடைக்கேக்க வாளி திரும்பவும் ஒருக்காக் கத்திச்சுது. அக்கா இன்னொரு கிளாஸ் கொண்டு வந்தா. பின்னேரமாகேக்க வயிறும் வாளியும் மாறி மாறிக் கதைக்கத் தொடங்கிட்டுது. எது எதெண்டு அவனுக்கே பிரிச்சுச் சொல்லேலாமல் போச்சு.

இந்த வாளி அவன் கேட்டு வந்ததில்லை. ஜெனிஸ்டன் பாசையூர்ப் பெடியன். சமையலில அவுஸ்பில்டுங் எண்ட தொழிற்பயிற்சி செய்யவெண்டு பேர்லினுக்கு வந்து, அங்க நொய்கெல்ன் எண்ட பகுதியில ஒரு உணவகத்தின்ர குசினியில வேலை பழகுறான். பிறந்தநாளுக்கு வேலையிடத்தில எல்லாரும் சேந்து ஒரு பெட்டி குடுத்தவை. திறந்து பாத்தால் சீனிப்பாணி மாதிரித் தடிப்பா என்னவோ அடைச்ச ஒரு தகரப்பேணி, ஈஸ்ட் பக்கெற் ஒண்டு, வாளி, குழாய். பெட்டிக்கு மேல தொப்பி போட்ட கள்ளிச்செடி ஒண்டு நிண்டு சிரிக்குது. வீட்டிலயே மெக்சிக்கோ பியர் காய்ச்சலாமாம். இளம் பியர், கனக்க வெறிக்காது, தேசிக்காய்த் துண்டு செருகிக் குடிக்கிறது.

"எங்கட கோடை விழாவுக்கு நீதான் பியர் கொண்டு வாறாய். தேசிக்காய் நாங்கள் வெட்டி வைக்கிறம். சரியோ?" எண்டு கேட்டா குசினிக்குப் பொறுப்பான ஹைக்க.

ஏலாது எண்டு சொல்லுறதுக்கு அவனுக்கு டொச்சில, அதுதான் ஜெர்மன் பாசையில, சொல்லுத் தெரியும். வாயில வராது. வேலைக்குச் சேந்து இன்னும் பரீட்சைக் காலம் முடியேல்லை. அதுக்குள்ள காரணம் சொல்லாமலே வேலையால நிப்பாட்டலாம். அதால ஆர் என்ன கேட்டாலும் அவன் சொல்லுறது "கேர்ன". சந்தோசமாச் செய்யிறன் எண்டு அர்த்தம். வெங்காயம் உரிக்கவும் கேர்ன, குப்பை கொட்டவும் கேர்ன. பியருக்கும் கேர்ன எண்டு சொல்லிப்போட்டான்.

வேலையிடத்தில ஒரு பிரச்சினையும் இல்லை. பிரச்சினை வீட்டில.

பேர்லினில அறை தேடினவைக்குத்தான் அந்தப் பாடு தெரியும். ஒரு அறை பாக்கப் போனால் படி முழுக்கச் சனம் நிக்கும், கலியாண வீட்டுப் பந்திக்கு நிக்கிற மாதிரி. ஜெனிஸ்டன் அப்பிடி எத்தினையோ படியில நிண்டு, ஆற்ற ஆற்றயோ சோபாவில படுத்து, கடைசியில கோயிலில சந்திச்ச அன்ரனிற்றா அக்காதான் தன்ர வீட்டில ஒரு அறை தந்தவ. வந்து பெட்டியை வைச்ச அண்டைக்கே அக்கா கதவைச் சாத்திப்போட்டுச் சொன்னா.

"தம்பி, ஒண்டே ஒண்டு. இஞ்ச குடி இருக்கிறது வெளியில ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சுதோ, எங்களையும் சேத்துத் தெருவில விட்டிடுவாங்கள்."

ஜெனிஸ்டன் மெல்லமா அக்காவின்ர மனுசன் செல்வரட்ணம் அண்ணையைத் திரும்பிப் பாத்தான். அண்ணை கதிரையில சரிஞ்சிருந்தார். கண் ரெண்டும் நல்ல சிவப்பு.

"கன காலமோ அக்கா?" எண்டு குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"முந்தியும் இருந்தது. பிறகு இந்தத் தலையிடி வேண்டாமெண்டு விட்டிட்டம். போன குளிருக்கு ஏலாமல் போச்சு தம்பி. திரும்பவும் தொடங்கிட்டம்."

"தொடங்கிட்டம் எண்டால்... நீங்களுமோ?"

"பின்ன? ரெண்டு பேரும் சேந்து எடுத்த முடிவுதானே."

"ம்," எண்டார் அண்ணை. அவர் கதைக்கிறது அவ்வளவுதான்.

ஜெனிஸ்டனுக்கு அழுகை வந்திட்டுது. எவ்வளவு நல்ல மனுசர். பியரைத் தண்ணி மாதிரிக் குடிக்கிற நாட்டில குடிக்கிறதுக்கு வீட்டை விட்டு எழுப்புவாங்களோ எண்டு ஒரு யோசினை வந்ததுதான். ஆனால் அந்தக் கட்டடத்தில ஞாயிற்றுக்கிழமை ஆணி அடிக்கக் கூடாது. மத்தியானம் தூசு உறிஞ்சிற மிசின் போடக் கூடாது. படியில குடை விரிச்சு வைக்கக் கூடாது. இவ்வளவு கூடாததுக்குள்ள குடியும் கூடாதெண்டு ஒரு சட்டம் இருக்காதோ?

அதுக்குப் பிறகு பாக்கிறதெல்லாம் அதுக்குச் சாட்சியாத்தான் தெரிஞ்சுது. அண்ணை விடியப்புறம் வேலையால வரேக்க சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு நடப்பார். ரயில் துடைக்கிற இரவு வேலை எண்டு அக்கா சொல்லுவா. இரவு வேலையாம் எண்டு ஜெனிஸ்டன் தனக்குள்ள பெருமூச்சு விடுவான். வீட்டு மணி அடிச்சால் காணும், அக்கா பதறிப்போவா. "தம்பி, அறைக்குள்ள போ, கதவைச் சாத்து!" அதோட அவன்ர சப்பாத்தையும் தூக்கி உள்ள எறிவா. தங்கட வெக்கத்தை இளம் பெடியன் பாக்கக் கூடாதெண்டு நினைக்கிறா, பாவம். சப்பாத்து ஏனெண்டு மட்டும் அவனுக்கு விளங்கேல்லை. போத்தல் ஒண்டு கூட அவன் கண்ணில பட்டதில்லை. அவ்வளவு கெட்டித்தனமா ஒளிச்சு வைக்கினம் எண்டு நினைச்சான்.

இப்பிடியான வீட்டுக்குள்ள ஒரு வாளி பியர். இவை ரெண்டு பேரும் கண்டால் ஒரே இருப்பில முடிச்சுப்போட்டு, பல்கணியில நிண்டு பாடத் தொடங்கினால் கட்டடம் முழுக்கத் தெரிய வரும். பிறகு மூண்டு பேரும் தெருவில. திரும்பவும் படி, திரும்பவும் சோபா.

ஓமம் குடிச்ச அண்டைக்குப் பின்னேரமே ஹம்பேர்க்கில இருக்கிற சிநேகிதன் கொட்வினுக்கு ரெலிபோன் எடுத்தான்.

"மச்சான், வாளி கத்துது."

"போர்வையால சுத்தி விடு, கேக்காது."

"பழுதாப் போகாதோ?"

"விசரா, போர்வையால பழுதாப் போன பியர் எங்கயடா இருக்கு?"

ஜெனிஸ்டன் தன்ர குளிர்ப் போர்வையால வாளியைப் பிள்ளை மாதிரிச் சுத்தினான். சத்தம் நிண்டுது. ஆனால் உள்ள சூடு ஏறி, பியர் இன்னும் பொங்கிப் பொங்கிப் புளிக்கத் தொடங்கிச்சுது. விடியவே அறை முழுக்கப் பாண் பேக்கரி மணம். பேக்கரியில நனைஞ்ச நாய் ஒண்டும் நிண்ட மாதிரி.

"தம்பி, என்ன மணம் உது?"

"காலுறை அக்கா."

"ஒரு சோடியோ?"

"எல்லாமக்கா."

அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து அவன்ர காலுறை, சேட்டு, துவாய் எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போய்த் தோய்ச்சா. அடுத்த நாள் அயன் பண்ணி மடிச்சுக்கொண்டு வந்து, வாசலில நிண்டு மூக்கை உறிஞ்சினா.

"இன்னும் மணக்குதே. ஏதும் எலி கிலி செத்துக் கிடக்குதோ? விலத்து, கட்டிலுக்குக் கீழ பாப்பம்."

"அக்கா!" ஜெனிஸ்டன் கட்டிலுக்கு முன்னால கையை விரிச்சுக்கொண்டு நிண்டான். "அது... அப்பத்துக்கு மா புளிக்க வைச்சிருக்கிறன். உங்களுக்குச் சொல்லாமல் செய்து தருவமெண்டு."

அக்காவின்ர முகம் அப்பம் மாதிரி விரிஞ்சுது.

"அட என்ர ராசா! சமையல் படிக்கிற பிள்ளை எண்டால் இப்பிடியெல்லோ இருக்க வேணும். ஞாயிறு பூசை முடிய வந்து சாப்பிடுவம். என்னப்பா, கேட்டுதோ? தம்பி அப்பம் சுடப் போறான்!"

"ம்," எண்டுது அண்ணையின்ர அறை.

இப்ப அவன் அப்பம் சுட்டே ஆக வேணும். சனி இரவு நல்லாப் பிந்தி அரிசி அரைச்சு, தேங்காய்ப்பாலும் விட்டுக் கலக்கினாப் பிறகுதான் ஈஸ்ட் வாங்க மறந்தது ஞாபகம் வந்துது. கடையெல்லாம் பூட்டு. வாளியைத் திறந்தான். மேல நல்ல தடிப்பா நுரை. ஊரில அப்பத்துக்குக் கள்ளு விடுறவைதானே, இது மெக்சிக்கோக் கள்ளு எண்டு மனதைத் தேற்றிக்கொண்டு ரெண்டு அகப்பை அள்ளி மாவுக்குள்ள விட்டான்.

அப்பிடி ஒரு அப்பம் நொய்கெல்னில ஒருத்தரும் சாப்பிட்டிருக்க மாட்டினம். ஓரம் முறுமுறு எண்டு, நடுவில பஞ்சு. அக்கா கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டா. செல்வரட்ணம் அண்ணை ஒண்டு சாப்பிட்டார். அடுத்தது சாப்பிட்டார். பிறகு நிமிந்து, ஜெனிஸ்டனை முதல் தரமா நேர பாத்து வாயைத் திறந்தார்.

"இன்னும் இருக்கோ?"

ஜெனிஸ்டன் தாச்சியை இறுக்கிப் பிடிச்சான். ஐயோ, ருசி நாக்கில பட்டிட்டுது! குடிகாரனுக்கு ஒரு துளி காணுமெண்டு கேள்விப்பட்டிருக்கிறான். இது ஒரு தாச்சி.

"முடிஞ்சுது அண்ணை!" எண்டு தாச்சியை அப்பிடியே தண்ணிக்குள்ள போட்டான்.

"மிச்ச மா?"

"அதுவும் முடிஞ்சுது!"

அண்ணை அவன்ர அறைப் பக்கம் ஒரு பார்வை பாத்த மாதிரி இருந்துது. அவ்வளவுதான். குசினிக் கதவுக்குப் பின்னால நிண்டு கொட்வினுக்கு எடுத்தான்.

"மச்சான், மனுசன் மோப்பம் பிடிச்சிட்டார். வாளியை வெளியேத்த வேணும்."

"சத்தம் நிண்டிட்டுதோ? அப்ப முடிஞ்சுது. போத்தலில அடை. போத்தலுக்குச் சீனி கொஞ்சம் போட்டு மூடினால்தான் உள்ள காத்துப் பிடிக்கும். பிறகு சூடான இடமாப் பாத்து வை."

"எவ்வளவு சீனி?"

"தேக்கரண்டி ஒண்டாம். என்ன பெரிய கணக்கே?"

தேக்கரண்டி எண்டால் தேத்தண்ணிக்குச் சீனி போடுற கரண்டிதானே. ஆனால் அன்ரனிற்றா அக்கா வீட்டில தேத்தண்ணிக்குச் சீனி போடுற கரண்டி, சோறு போடுற கரண்டிக்குத் தம்பி முறை. ஜெனிஸ்டன் அதால அள்ளினான், கும்பமா. அண்ணை நித்திரை, அக்கா வேலை எண்ட நேரம் பாத்துப் போத்தலெல்லாத்தையும் அடைச்சு மூடி, கட்டடத்துக்குக் கீழ ஒவ்வொரு வீட்டுக்கும் சாமான் வைக்கக் குடுத்திருக்கிற கெல்லருக்குக் கொண்டு போனான். அக்காவின்ர நத்தார் மரத்துக்குப் பின்னால, சுடுதண்ணிக் குழாய்க்குப் பக்கத்தில அடுக்கி, தன்ர போர்வையால மூடினான். மேல வந்து கட்டிலில விழுந்து, அந்தக் கிழமைக்கு முதல் தரமா நிம்மதியா நித்திரை கொண்டான்.

விழாவுக்கு முதல் நாள், சனிக்கிழமை, அக்கா சாமான் பையோட மேல வந்தா.

"ஆரோ கீழ வெடி கொளுத்துறாங்கள். புது வருசம் கூட இல்லை, என்ன விசரோ தெரியேல்லை."

ஜெனிஸ்டன் வெறுங்காலோட படியால பாஞ்சான்.

கெல்லருக்குள்ள போர் நடந்துகொண்டிருந்துது. ஒரு போத்தல் வெடிக்க, அந்த அதிர்ச்சியில பக்கத்துப் போத்தல் வெடிக்க, நத்தார் மரம் நுரையில நனைஞ்சு உண்மையான பனி விழுந்த மாதிரி நிண்டுது. தப்பின போத்தல்களைப் போர்வையில அள்ளிக் கட்டிக்கொண்டு திரும்பவும் மேல ஓடினான். அவன் ஓட ஓடப் போர்வை ஒழுகிச்சுது. கீழ இருந்து அக்கா வீட்டு வாசல் வரைக்கும், படிக்குப் படி, அழகான ஒரு நுரைக் கோடு.

போர்வையைக் கட்டிலுக்குக் கீழ தள்ளிப்போட்டு வெளியில வரேக்க வீட்டு மணி அடிச்சுது.

அக்கா கதவில இருந்த சின்னக் கண்ணாடியால பாத்தா. முகம் வெளிறிப் போச்சு.

"வீட்டு நிர்வாகத்து லெம்க! தம்பி, உள்ள போ! சத்தம் போடாதை, இருமாதை, ஒண்டும் செய்யாதை!" சப்பாத்து அவனுக்கு முதலே அறைக்குள்ள பறந்து போச்சு.

ஜெனிஸ்டன் கதவில காதை வைச்சான்.

"வணக்கம்," எண்டு டொச்சில ஒரு ஆம்பிளைக் குரல். "கெல்லரில லைற் பாக்க வந்தனான். என்ர தலையில பியர் ஊத்துண்டுது. நுரையைப் பிடிச்சுக்கொண்டு வந்தன், உங்கட வாசலில முடியுது. இந்த வீட்டில ஆர் ஆர் இருக்கிறீங்கள்?"

"நானும் மனுசனும் மட்டும். வேற ஒருத்தரும் இல்லை. ஒருத்தருமே இல்லை."

"அப்ப பியர் ஆற்ற?"

அக்காவின்ர செருப்பு ஒரு அடி பின்னால போச்சு.

"மனுசன்ர," எண்டா அக்கா.

"ம்," எண்டார் அண்ணை.

அந்த "ம்" ஜெனிஸ்டன்ர நெஞ்சைப் பிளந்துது. தன்ர வெக்கத்தை ஊருக்குக் காட்டி, ஆரோ ஒரு பெடியன்ர பிழையைத் தலையில ஏத்துறார் அந்த மனுசன். குடியெண்டு பேர் எழுதினால் நாளைக்கு ரெண்டு பேரும் தெருவில. ஜெனிஸ்டன் வாழ்க்கையில ஒருநாளும் ஒருத்தரையும் மறுத்துக் கதைச்சதில்லை. அண்டைக்குக் கதவை உதைச்சுத் திறந்தான். ஒரு கையில போத்தல், மற்றக் கையில சப்பாத்து.

"இல்லை!" எண்டான். "அவர் இல்லை! நான்!"

லெம்க மூக்குக்கண்ணாடியில இருந்த நுரையைத் துடைச்சுக்கொண்டு அவனைப் பாத்தார். அக்கா கண்ணால சைகை காட்டினா, கையால காட்டினா, கடைசியில காலாலயும் காட்டினா. ஜெனிஸ்டன் நிக்கேல்லை. இவ்வளவு டொச் தனக்குள்ள இருந்ததெண்டு அவனுக்கே அண்டைக்குத்தான் தெரியும்.

"இந்த வீட்டில ஒருத்தரும் குடிக்கிறேல்லை! இவை ஒரு சொட்டும் தொட்டதில்லை! பியர் என்ர. போத்தல் என்ர. அந்த அறை என்ர!"

"உங்கட அறையோ?" எண்டார் லெம்க.

"ஓம்! என்ர கட்டில், என்ர போர்வை, என்ர காலுறை! குளிருக்குள்ள வந்தனான். மாசாமாசம் அக்காவின்ர கையில வாடகை குடுக்கிறன், ஒருநாளும் பிந்தினதில்லை. எல்லாத்துக்கும் நான்தான் பொறுப்பு!"

அக்கா குக்கர் ஆவி விடுற மாதிரி ஒரு சத்தம் போட்டுக் கதிரையில இருந்தா.

லெம்க அவன்ர கையில இருந்த போத்தலை வாங்கி, மெல்லமாத் திறந்து மணந்து பாத்தார்.

"மெக்சிக்கோ மாதிரியோ?"

"இளம் பியர் சேர்."

"பியர் காய்ச்சிறதுக்கு ஒரு தடையும் இல்லை. இது ஜெர்மனி. கெல்லரைக் கழுவி விடுங்கோ, சரி." அவர் அக்காவைப் பாத்தார், அறையைப் பாத்தார், ஜெனிஸ்டன்ர சப்பாத்தைப் பாத்தார். "ஆனால் மற்ற விசயத்துக்குத் திங்கக்கிழமை அலுவலகத்துக்கு வாங்கோ. மூண்டு பேரும்."

"கேர்ன!" எண்டான் ஜெனிஸ்டன்.

லெம்க போகேக்க அந்தப் போத்தலையும் கொண்டு போனார். கதவு சாத்துப்பட்டுது. அக்கா நெத்தியில கையை வைச்சுக்கொண்டு இருந்தா. செல்வரட்ணம் அண்ணை எழும்பிப் போய்க் கட்டிலுக்குக் கீழ குனிஞ்சு ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு வந்து, கிளாசில ஊத்தினார்.

"அண்ணை, வேண்டாம்!" ஜெனிஸ்டன் பாஞ்சு போய் அவற்ற கையைப் பிடிச்சான். "உங்களைக் கும்பிட்டன், திரும்பவும் தொடங்காதேங்கோ! அக்கா, நீங்களாவது சொல்லுங்கோ!"

"என்னத்தைச் சொல்லுறது?" எண்டா அக்கா. "அந்தாள் வருசத்தில ஒருக்கா, நத்தாருக்குத்தான் ஒரு கிளாஸ் எடுக்கிறது. இண்டைக்கு எடுக்கட்டும். இண்டைக்கு எடுக்காமல் எண்டைக்கு எடுக்கிறது?"

நத்தாருக்கு ஒரு கிளாசோ எண்டு ஜெனிஸ்டன் அண்ணையின்ர சிவந்த கண்ணைப் பாத்தான். ஆனாலும் அக்காவைத் தேற்ற வேணுமே.

"பயப்பிடாதேங்கோ அக்கா. நான் எல்லாத்தையும் சொன்னன்தான். ஆனால் இந்த வீட்டில குடி இருக்கெண்டு மட்டும் மூச்சு விடேல்லை!"

செல்வரட்ணம் அண்ணை ஒரு மிடறு குடிச்சார். நல்லா இருக்கெண்டு தலையாட்டினார். பிறகு, ஜெனிஸ்டன் அந்த வீட்டுக்கு வந்த நாளில இருந்து அவர் கதைச்சதுகளுக்குள்ளயே நீளமான கதையைக் கதைச்சார்.

"தம்பி, நாங்கள் சொன்ன குடி நீயடா."